ஆள் நிழல் பாத்தி

வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாது என்று பெயரெடுத்த ஊர் அது. திருச்செங்கோட்டு மலை வடக்கே சாம்பல் குவித்ததுபோல் தெரியும். ஊர்க் கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், ஆண்கள் எல்லாம் எங்கோ வடநாட்டில் அடுத்தவர் காட்டில் தண்ணீருக்குத் துளை போடுவதற்காக ரிக் வண்டிகளில் ஏறிப் போய்விட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், மரமோ பந்தலோ ஒரு முருங்கைக் குச்சியோ இல்லாத பாவாயியின் பொடக்காணியில், வீட்டுக்குப் பின்னால் வெளேரென்று கிடந்த அந்தக் கல் பூமியில், உள்ளங்கை அகலத்துக்கு இலைவிட்ட ஒரு கீரைப் பாத்தி இருந்தது. அது அவள் மகனின் நிழலில் இருந்தது. மகன் அங்கே இல்லை.

மகன் சென்னியப்பன் போனது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். ரிக் வண்டி ஊர் எல்லையில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. படுக்கைச் சுருட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே போய்விடலாமென்று பொடக்காணியில் இறங்கி நடந்தவன், நடு வெளியில் நின்று, தலையை மட்டும் திருப்பி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி வளர்மதியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, "ஒண்ணுமில்ல, வந்து சொல்றேன்" என்று போய்விட்டான். அவன் போனான், அவன் நிழல் போகவில்லை. தோளில் சுருட்டோடும் திருப்பிய தலையோடும் அது அங்கேயே கிடந்தது; பொழுது ஏற ஏறச் சுருங்கி, உச்சி வேளையில் ஒரு வட்டில் அளவுக்குக் குறுகி, பிறகு கிழக்கே திரும்பி, ஆளைவிட நீளமாக வேலி வரைக்கும் போய், இருட்டோடு இருட்டாகி, மறுநாள் விடிந்ததும் தன் இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றப் போன பாவாயி அதைப் பார்த்தாள். பார்த்து ஆச்சரியப்படவில்லை, அலுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகும்போது பலகையை விட்டுவிட்டுப் போனவன், கல்யாணத்துக்குப் போகும்போது செருப்பை விட்டுவிட்டுப் போனவன். அன்று சாயங்காலம் அவன் போனில் கூப்பிட்டபோது சொன்னாள்:

"டேய் சாமி, உன்ற நெழலை இங்கயே உட்டுட்டுப் போயிட்ட."

"அப்படியா? பத்தரமா இருக்கட்டும்மா, வந்து எடுத்துக்கறேன்."

"அங்க நெழல் இல்லாம எப்படிடா நடமாடுவ?"

"இங்க எவன் நெழலைப் பாக்கறான், ஆளையே பாக்கறதில்ல. சாப்பிட்டியா நீ?"

வேறெங்கே ஊற்றினாலும் சுர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும் மண், அந்த நிழலில் ஊற்றிய தண்ணீரை மட்டும் மறுநாள் வரை வைத்துக்கொண்டிருந்தது. அரிசியோடு வந்து விழுந்த ஏதோ ஒரு விதை முளைத்தது, தண்டுக்கீரை. அதைப் பார்த்துத்தான் பாவாயி மண்வெட்டியை எடுத்தாள். கல்லைப் பொறுக்கி, எரு போட்டு, நிழல் திரும்புகிற வழியெல்லாம் கொத்தியபோது, பாத்தி சதுரமாக வரவில்லை, கவிழ்த்துப் போட்ட முறத்தைப்போல வந்தது. சாயங்கால நிழல் விழுகிற கிழக்கில் அரைக்கீரையும் கொத்தமல்லியும் போட்டாள். காலை நிழல் விழுகிற மேற்கில், பிற்பகல் வெயிலைத் தாங்கக்கூடிய மஞ்சளும் சேம்பும் வைத்தாள். உச்சிப்பொழுதில் பாதத்தைச் சுற்றி மட்டும் நிழல் நிற்கிற இடத்தில் புதினா ஊன்றினாள். படுக்கைச் சுருட்டின் நிழல் மற்ற நிழலைவிடக் கனமாக இருந்தது. அது விழுந்த இடத்தில் வல்லாரை தானாக வந்தது.

தக்காளி வைத்துப் பார்த்தாள், கத்தரி வைத்துப் பார்த்தாள். செடி தளதளவென்று வந்தது, பூ வரவில்லை, வந்த ஒன்றிரண்டும் உதிர்ந்தன. நிழல் இலைக்குப் போதும், காய்க்குப் போதாது என்று அவளே தெரிந்துகொண்டு, காய்ச்செடியை எல்லாம் பிடுங்கிவிட்டு இலைக்கும் கிழங்குக்குமாக அந்த இடத்தை வைத்துக்கொண்டாள்.

ஊர் முதல் வாரம் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் கீரை கேட்டது. மூன்றாம் வாரத்துக்குள் பழகிவிட்டது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் நிழலை மிதிக்காமல் சுற்றிப் போனார். பக்கத்து வீட்டு ருக்குமணி, நிழலின் தலை துவைக்கிற கல்லைத் தொடும்போது பால் சொசைட்டிக்குக் கிளம்பினாள், ஒரு நாளும் பிந்தவில்லை. பாவாயியின் கொழுந்தன் ராக்கியண்ணன், வெயிலில் வந்தால் நேராகப் போய் அந்த நிழலின் மார்பில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "என்ற அண்ணன் மகன் இருந்தப்பக்கூட எனக்கு இத்தன ஒதவி இல்லீங்க அண்ணி" என்பான்.

"எந்திரிங்க தம்பி, கொத்தமல்லி நசுங்குது" என்பாள் பாவாயி.

ஆடி மாதம் ரிக் வண்டி திரும்பி வந்தது. அவன் வரவில்லை. கூடப் போனவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சொன்னார்கள்: பேர் தெரியாத ஓர் ஆறு, வறண்டுதான் கிடந்தது, அக்கரையில் இருந்த கடைக்குச் சாமான் வாங்கச் சென்னியப்பன் மணலில் இறங்கி நடந்தான், எங்கேயோ பெய்த மழை இங்கே வந்தது, சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆறு மட்டும்தான் இருந்தது. தண்ணீர் வடிகிற வரைக்கும் தேடினோம், வடிந்த பிறகும் தேடினோம், அக்கரை போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தண்ணீருக்காகப் பூமியைத் துளைக்கப் போனவனைத் தண்ணீர் கொண்டுபோயிற்று என்று ஊர்ப் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கியபோது, பாவாயி அவர்களைக் கையமர்த்தி, பொடக்காணிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"ஒடம்பு நின்னாத்தானே நெழல் உழுகும்? எம்பையன் எங்கியோ நிக்கறான். யாரும் அழுகாதீங்க."

அழ வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி கீரை வாங்கிக்கொண்டு போனார்கள். கருமாதி நடக்கவில்லை. வளர்மதியின் தாலி கழுத்திலேயே இருந்தது, பொட்டு நெற்றியிலேயே இருந்தது. அவள் விசைத்தறிக்கு வேலைக்குப் போனாள். பொழுது கிளம்புமுன் போய், பொழுது சாய்ந்து வந்தாள். கல்யாண வீடுகளில் அவளைத் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைப்பதா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. ஆகவே கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சுமங்கலி பூசைக்கும் கூப்பிடவில்லை, எழவு வீட்டில் தாலியறுத்தவர்கள் பக்கத்திலும் உட்காரவைக்கவில்லை. எங்கே போனாலும் அவளுக்கென்று ஒரு பாய் விரிக்கத் தெரியாமல் திண்டாடினார்கள். அவள் தறிச் சத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரிக் வண்டிக்காரர்களின் மனைவிமார் வேறு விதமாக இதை எடுத்துக்கொண்டார்கள். போனவன் வராவிட்டாலும் நிழலாவது மிஞ்சும் என்று, வண்டி கிளம்புகிற காலைகளில் ஒவ்வொரு வீட்டுப் பொடக்காணியிலும் புருசனை நடு வெளியில் நிறுத்திவைத்தார்கள். "அசையாம நில்லுங்க." "தலையத் திருப்புங்க." "அவரு தோள்ல சுருட்டு இருந்துது, நீங்களும் வெய்ங்க." இட்டிலி ஆறிப்போகும், வண்டி ஆரன் அடிக்கும், ஆண்கள் கோயில் சிலைபோல நிற்பார்கள். கிளம்பும்போது நிழலும் காலோடு ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பெண்கள் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் மிஞ்சாத வெள்ளை மண்ணைப் பார்த்துவிட்டு, பாவாயியின் வீட்டுக்கு வந்து ஒரு கொத்துப் புதினா வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் அதைச் சமைத்தார்களா, சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்களா என்று அவள் கேட்டதில்லை.

வருசங்கள் போயின. பாவாயிக்கு முடி நரைத்தது. வளர்மதியின் காதோரத்திலும் ஓரிழை வெளுத்தது. நிழல் அப்படியே, இளந்தாரியின் தோளோடும் சுருட்டோடும், சொல்ல வந்ததைச் சொல்லாத தலையோடும் கிடந்தது.

ஒரு வைகாசியில் ருக்குமணி பால் கேனைத் திண்டில் வைத்துவிட்டு, சுற்றிவளைத்துப் பேச்செடுத்தாள். வளர்மதி வேலை செய்கிற தறிப்பட்டறையில் லோகநாதன் என்று ஒரு மேஸ்திரி. பெண்டாட்டி செத்துப்போய், பிள்ளைகுட்டி இல்லாமல், தானே சமைத்துச் சாப்பிடுகிற ஆள். வளர்மதியின் தறி நின்றால் மற்றவற்றை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறானாம். கேட்டுச் சொல்லச் சொன்னானாம்.

"ஏனுங்கக்கா, நான் தப்பாச் சொல்லல. அந்தப் புள்ள எத்தன நாளைக்கு?"

"உசுரோட இருக்கறவன் பொண்டாட்டிய இன்னொருத்தனுக்குக் கேக்கறயா? நல்லா இருக்குது ருக்கு உன்ற நாயம்."

"அவுரு உசுரோட இருந்தா ஒரு போனு பண்ண மாட்டாருங்களா?"

பாவாயி பாத்தியைக் காட்டினாள். ருக்குமணி நிழலைப் பார்த்தாள். அது வேலி ஓரம் நீண்டு கிடந்தது. அதன்மேல் கொத்தமல்லி தழைத்துக்கிடந்தது. அவள் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சோறு போடும்போது பாவாயி மருமகளிடம் கேட்டாள், "அந்த மேஸ்திரி எப்படிப்பட்ட ஆளு?"

வளர்மதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நல்ல ஆளுதானுங்கத்தை" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் பாவாயி விடியும்வரை விழித்திருந்தாள்.

ஆடிப்பட்டத்தில் வளர்மதி தன் அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த அவரை விதையைப் பாத்திக்குள் ஊன்றினாள். "அதெல்லாம் இங்க காய்க்காது கண்ணு" என்றாள் பாவாயி. "இருக்கட்டுமுங்கத்தை" என்றாள் அவள். கொடி வந்தது. இலை பெரிதாக, தண்டு நூலாக, வெளிறிய பச்சையாக வந்தது. ஐப்பசி கடந்தது, கார்த்திகை கடந்தது, ஊரெல்லாம் அவரை பூத்தது, அது பூக்கவில்லை. பிறகு ஒரு நாள் அந்தக் கொடி, கட்டிவைத்த குச்சியிலிருந்து இறங்கி, மண்ணில் ஊர்ந்து, தெற்குப் பக்கமாகப் போகத் தொடங்கியது. தெற்கில் எருவில்லை, ஈரமில்லை, கல்லும் வெயிலும்தான் இருந்தன. மார்கழியில் சூரியன் அந்தப் பக்கம் நிற்பதால் சென்னியப்பனின் நிழல் எந்த நேரத்திலும் அங்கே விழாது.

வெயிலில் போய்ச் சாகிறதே என்று பாவாயி அதைத் தூக்கி நிழலுக்குள் விட்டாள். இரண்டு நாளில் அது திரும்பத் தெற்கே கிடந்தது. மறுபடியும் தூக்கி விட்டாள். மூன்றாம் தடவை, பழைய சேலையைக் கிழித்து, குச்சியோடு சேர்த்து, வலிக்காமல்தான், கட்டிப்போட்டாள். கட்டிப்போட்ட இடத்திலிருந்து அது பக்கக்கிளை விட்டு, அந்தக் கிளை மறுபடியும் தெற்கே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு நாள், பாவாயி குனிந்து அந்தக் கிளையை எடுக்கப்போனபோது வளர்மதி பின்னாலிருந்து சொன்னாள்:

"உடுங்கத்தை. அது போற பக்கம் போவுட்டும்."

குரலில் கோபம் ஒன்றுமில்லை. அதனால்தான் பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். வளர்மதி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை உதறிக்கொண்டு நின்றிருந்தாள். நிழலின் விளிம்புக்கு ஓரடி வெளியே, வெயிலில், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை வருசத்தில் அவள் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பது பாவாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, கொடியின் நுனியில், ஊதா நிறத்தில் பூ வைத்திருந்தது.

பாவாயி சேலைக் கிழிசலை அவிழ்த்தாள். அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தாள். நிழல் நகர்ந்து அவள்மேல் வந்தது. குளிர்ச்சியாக இருந்தது. எப்போதும்போல, பெற்ற பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல, குளிர்ச்சியாக இருந்தது. அவள் அதில் கொஞ்ச நேரம் இருந்துகொண்டாள். பிறகு எழுந்துபோய் ராக்கியண்ணனை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வைக்கோலில் ஆள் செய்து, வேட்டி கட்டி, பேர் சொல்லி அழைத்து, பாடையில் வைத்துக் கொண்டுபோய் எரிக்க வேண்டும். வைக்கோல் ஆள், போன ஆளின் உயரத்துக்கு ஒரு விரற்கடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் வேறொருத்தனையும் சேர்த்து எரித்ததாகும், குறைந்தால் மிச்சம் அலையும். தை கழிந்து மாசியில் நாள் குறித்து, சடங்கு செய்து வைக்கிற நல்லப்பன் வைக்கோல் கட்டோடு வந்து, முதலில் கேட்டது அதைத்தான்.

"ஆளு என்ன ஒசரமுங்க?"

"வாசல் நெலவு தலையில இடிக்கும், குனிஞ்சுதான் வருவான்" என்றான் ராக்கியண்ணன்.

"உங்களுக்கு எல்லாரும் ஒசரந்தான். அவுரு அத்தன ஒசரமில்லீங்க" என்றாள் ருக்குமணி.

"ஒரு போட்டோ கீது இல்லீங்களா?"

"போட்டோவுல உக்காந்துட்டில்ல இருக்கறான்" என்றான் ராக்கியண்ணன்.

வளர்மதிக்குத் தெரிந்திருக்கும். அவள் நெற்றி அவன் உடம்பில் எங்கே படும் என்பது அவளுக்குத் தெரியாமலிராது. அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்; அவளைப் போய் யாரும் கேட்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க" என்றாள் பாவாயி. "அளவு அவனே குடுப்பான்."

பாத்தியில் வைக்கோலைப் படுக்கவைக்கத் தரை வெறுமையாக வேண்டும். ஆகவே பிடுங்கினார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தமில்லாமல் பிடுங்கினார்கள். அரைக்கீரையை அரியாமல் வேரோடு எடுத்தார்கள், மஞ்சளைக் கிண்டினார்கள், சேம்பைத் தோண்டினார்கள், மகன் பாதம் இருந்த இடத்துப் புதினாவைப் பாவாயி தன் கையால் எடுத்தாள். பிடுங்கியதெல்லாம் எழவுச் சோற்றுக்கு அடுப்படிக்குப் போயிற்று.

வெயில் சாய்ந்து வந்தபோது பாவாயி வெற்றுத் தரையில் போய், நிழலுக்குப் பக்கத்தில், அதே சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ருக்குமணியின் கையில் பாவாயியின் உயரத்துக்கு ஒடித்த சோளத்தட்டு இருந்தது. அம்மாவின் நிழலும் அம்மாவின் உயரமும் எந்த வேளையில் ஒன்றாகிறதோ, அந்த வேளையில் மகனின் நிழலும் மகனின் உயரமும் ஒன்றாகத்தானே இருக்கும். ஊர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நிழல்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று வயதானதாகவும் ஒன்று இளையதாகவும், கொஞ்சங் கொஞ்சமாக நீண்டன.

"ஆச்சுங்கக்கா" என்றாள் ருக்குமணி.

நல்லப்பன் வைக்கோலை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அந்த நிழலின்மேல் பரப்பிக் கட்டினார். கயிற்றை முறுக்க முறுக்க, ஆள் எழுந்தது. தோள் வந்தது, இடுப்பு வந்தது. ராக்கியண்ணன் புது வேட்டியைப் போர்த்தினான். பாவாயி தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"சென்னியப்பா" என்று கூப்பிட்டாள். முறைக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள். பெண்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் குனிந்து, வைக்கோலின் காது இருக்க வேண்டிய இடத்தில், யாருக்கும் கேட்காத அளவில் பேசினாள்: "நீ வந்து எடுத்துக்கறேன்னு சொன்ன. நான் வெச்சிருந்தேன்டா. இனி வெக்க முடியல சாமி." பிறகு மூன்றாம் தடவை கூப்பிட்டாள்.

நாலு பேர் தூக்கினார்கள். தூக்கிய உடனே நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோல் ஆள், வளர்ந்த ஆளின் கனம் கனத்தது. ஆற்றில் நனைந்த ஆளின் கனம் கனத்தது. இன்னும் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பாடை வேலியைத் தாண்டியபோது தரையில் ஒன்றுமில்லை. நிழல் வைக்கோலோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தது. கிண்டிய மண்ணும் வெயிலும் இருந்தன. ஆண்கள் சுடுகாட்டுக்குப் போக, பெண்கள் அந்த மண்ணைச் சுற்றி உட்கார்ந்து, வருசக்கணக்காக உள்ளே வைத்திருந்த அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதார்கள். தங்கள் வீட்டுக்காரர்களுக்காகவும் சேர்த்து அழுதார்கள்.

தாலி வாங்குவதற்குப் பெண்கள் வளர்மதியைக் கூட்டிவரச் சொன்னபோது பாவாயி எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "அதுக்குக் கூட்டம் வேண்டாம்" என்றாள். உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு, விளக்கேற்றாமல், தன் கையாலேயே கழற்றினாள். பொட்டை அழிக்கவில்லை. வளையலை உடைக்கவில்லை. வளர்மதி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "அவுரு என்ன சொல்ல வந்தாருன்னு தெரியாமயே போச்சுங்களே அத்தை" என்றாள். பாவாயிக்கும் தெரியாது. வெளியே எழவுச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். கீரை இவ்வளவு குளிர்ச்சியாக இருக்குமா என்று யாரோ கேட்டார்கள், இலையில் யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பங்குனி பிறந்தது. லோகநாதன் தன் அக்காவோடு வந்து, வாசலிலேயே நின்று, பாவாயியிடம்தான் முறைப்படி வளர்மதியைப் பெண் கேட்டான். ஆவணியில் நாள் வைத்தார்கள். மகளைக் கட்டிக்கொடுக்கிறவர்கள் அந்த ஊரில் ஒரு வருசத்துக்கான மிளகாய்த்தூளை அரைத்து டின்னில் அடைத்துக் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு வத்தல் நன்றாகக் காய வேண்டும். பாவாயி சந்தையில் குண்டு மிளகாய் வாங்கிவந்து, பொடக்காணியில், கீரை இருந்த இடத்தில், முறம் மாதிரி விரிந்து கிடந்த அந்த வெற்று மண்மேல் பழைய வேட்டியை விரித்துக் கொட்டினாள். கையால் பரத்தினாள். மேற்கிலும் பரத்தினாள், கிழக்கிலும் பரத்தினாள். காலையிலிருந்து ஒரு நிழலும் அதைத் தொடவில்லை.

பால் கேனோடு வேலியோரம் வந்த ருக்குமணி, நேரம் தெரியாமல் கொஞ்சம் பிந்தித்தான் வந்திருந்தாள். அவள் நின்று, சிவப்பாக விரிந்து கிடந்ததைப் பார்த்து, என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்:

"காயுதுங்களாக்கா?"

பாவாயி ஒரு மிளகாயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே விதை கலகலத்தது.

"நல்ல வெயிலு" என்றாள்.